இல்லாத சத்திரத்துக்கு வழி கேட்டவர்

எங்கள் திருவண்ணாமலையில் வழி கேட்பவரிடம் தெரியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. மலை சுற்ற அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று எப்போதோ யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். தெரிந்தால் சரியாகச் சொல்வோம். தெரியாவிட்டால் இன்னும் உறுதியாகச் சொல்வோம். "நேரா போங்க, ஒரு பம்ப்பு வரும், அங்க லெஃப்ட்டு" என்று கையை நீட்டிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். அவர் போய்ச் சேர்ந்தாரா, மலையை இன்னொரு சுற்றுச் சுற்றினாரா என்பது அவர் பாடு.

இந்த ஊர்க் குணத்தை வைத்துக்கொண்டே சர்வதேச டென்னிஸ் போட்டிகளுக்கு ஆள் எடுத்தவர் ஒருவர் உண்டு. பெயர் தசரதன். நில அளவை அலுவலகத்தில் சர்வேயர். நான் கீதாஞ்சலி, அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு மரியாதையும் கோபமும் சேர்ந்தேதான் வரும். ஒன்றை விட்டு ஒன்றை எழுத எனக்குத் தெரியாது.

1989இல் எங்கள் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரானது. பெரிய அதிகாரிகள் வரிசையாக வந்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவருக்கு டென்னிஸ் பைத்தியம். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த முள்காட்டை வெட்டி, சிமெண்ட் தரை போட்டு, கோடு போட சர்வேயரைக் கூப்பிட்டார். தசரதன் டேப்பும் கயிறும் எடுத்துக்கொண்டு போய் ஒரு நூல் பிசகாமல் கோடு போட்டுக் கொடுத்தார். வேலை முடிந்ததும் கிளம்பியிருக்கலாம். தான் போட்ட கோட்டின் மேல் என்ன நடக்கிறது என்று பார்க்க ஓரமாக நின்றுவிட்டார். அதிகாரிகளுக்குள் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சண்டை. "யோவ் சர்வேயர், நீ சொல்லுய்யா" என்றார் ஒருவர். இவர் சொன்னார். பதினைந்து வருஷமாக, வேப்பமரம் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று, கையில் கொடுவாளோடு நிற்கிற பங்காளிகளுக்கு நடுவில் நின்று சொன்னவர். டென்னிஸ் மட்டையைக் கண்டா பயப்படுவார்? அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவரை வரச் சொல்லிவிட்டார்கள்.

1991இல் அந்த அதிகாரி அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். பெரிய ஆட்டக்காரர்களாக ஆவதற்கு முன்னால் சின்ன ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய் ஆடுகிற போட்டி அது. கோட்டுக்கு ஒருவராக நடுவர்கள் வேண்டும். போட்டி நடத்துபவர்கள் கல்லூரி மாணவர்களைப் பிடித்து உட்காரவைத்திருந்தார்கள். அவர்கள் டென்னிஸ் ரசிகர்கள். நல்ல அடிக்குக் கைதட்டினார்கள். தசரதன் தட்டவில்லை. அவர் கண் கோட்டைவிட்டு நகரவே இல்லை. "பந்தைப் பாத்தா கோடு தப்பிடும். கோட்டையே பாத்துக்கிட்டிருந்தா பந்து தானா வந்து விழும்" என்பார். இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்ததில், போட்டியின் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு ஒன்று கேட்டார். சூப்பர்வைசர் ஹாலந்து நாட்டுக்காரர். நெடுநெடுவென்று வளர்ந்தவர், சிரிக்கவே மாட்டார். "உன்னைப் போலப் பத்துப் பேர் உன் ஊரில் கிடைப்பார்களா?"

"கிடைப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்தானே.

முதல் தடவை எல்லாரும் செய்வதைப் போலத்தான் ஆள் எடுத்தார். நல்ல உயரம், நல்ல கண், நல்ல தொண்டை. மனைவி சரோஜாவின் தம்பி பரசுராமன் மூன்றும் உள்ளவர். பஸ் டிப்போவில் வேலை. அவர்தான் முதல் ஆள். கோட்டு நடுவர் செய்ய வேண்டியது மூன்றே வேலை. பந்து வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்தி அந்தப் பக்கம் கையை நீட்ட வேண்டும். உள்ளே விழுந்தால் இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்க்கச் சேர்த்து நீட்ட வேண்டும். ஆட்டக்காரர் குறுக்கே வந்து பந்து மறைந்துவிட்டால் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக் காட்ட வேண்டும். எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது உயர நாற்காலியில் இருக்கும் நடுவர் தான் பார்த்ததைச் சொல்வார். அவரும் பார்க்கவில்லை என்றால் அந்தப் பந்தைத் திரும்ப ஆடுவார்கள். அவ்வளவுதான்.

பரசுராமனுக்கு முதல் இரண்டும் வந்தன. மூன்றாவது வரவில்லை. ஆயிரம் பேர் பார்க்கும்போது, முழுக்கால் சட்டை போட்டு, தொப்பி வைத்து, கோட்டுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, கண்ணைப் பொத்தி எனக்குத் தெரியலை என்பதா? ஒரு ஆட்டக்காரர் சரியாக அவர் கண்ணுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தார். பின்னால் பந்து விழுந்தது. பரசுராமன் கம்பீரமாகக் கையை நீட்டி "அவுட்!" என்றார். பந்து ஒரு சாண் உள்ளே விழுந்ததைக் கூட்டமே பார்த்தது.

அன்று சாயங்காலமே தசரதன் மச்சானை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். "தப்பா பாத்ததுக்கு அனுப்பல. பாக்காததைப் பாத்தேன்னு சொன்னியே, அதுக்கு." சரோஜா வீட்டார் ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை. சரோஜாவே ஒரு மாதம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தைக் கேட்டே என் நிலைமையைப் புரிந்துகொண்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முகத்தில்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த பௌர்ணமிக்குத்தான் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். சாயங்காலம் நாலு மணி. கிரிவலக் கூட்டம் அப்போதுதான் சேர ஆரம்பித்திருந்தது. என் கையில் ஒரு நோட்டு. எதற்கென்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு கற்பூரக் கடைக்காரரிடம் போய், "சின்னக்கிளியம்மா சத்திரம் எங்கங்க இருக்குது?" என்று கேட்டார்.

"அதா தெரியுது பாருங்க கோபுரம், அதுக்குப் பின்னால."

அடுத்த கடை. "இப்பதான தாண்டி வந்தீங்க? திரும்பிப் போங்க."

அதற்கடுத்த கடைக்காரர், "சத்திரம் மூடிட்டாங்களே, ரெண்டு வருஷமாச்சு. கோர்ட்டு கேசு" என்று வருத்தப்பட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இன்னா சார் இது? யாரு சார் சின்னக்கிளியம்மா?"

"எனக்கும் தெரியாது கீதாம்மா. நேத்து ராத்திரிதான் அந்தம்மாவுக்குப் பேர் வெச்சேன். வா."

இருபத்துமூன்று பேர் இல்லாத சத்திரத்துக்கு வழி சொன்னார்கள். இருபத்துநான்காவது ஆள் சோடாக் கடை வேடியப்பன். பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் யோசித்து, "தெரியலங்க" என்றார்.

தசரதன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "நல்லா யோசிச்சு சொல்லுங்க. இந்தத் தெருதான்னாங்க."

"பொறந்ததிலிருந்து இங்கதான் இருக்கேன். அப்படி ஒரு சத்திரம் எனக்குத் தெரியலங்க. வேற யாரையாவது கேளுங்க."

"பேரை எழுதிக்கோ கீதாம்மா" என்றார் தசரதன்.

அப்படித்தான் எங்கள் குழு சேர்ந்தது. செங்கம் சாலையில் அறை வாடகைக்கு விடும் ஒருவர், ஒரு தையல்காரர், இரண்டு பள்ளிக்கூட டீச்சர்கள் என்று என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். ஒருவருக்கும் டென்னிஸ் தெரியாது. என்னை எடுத்த கதை இன்னும் சுருக்கம். ஒரு நாள் அலுவலகத்தில் "வேட்டவலம் ஃபைல் எங்க?" என்று கத்தினார். மேஜை மேல், பீரோவுக்குள், கலெக்டர் அறையில் என்று ஆளுக்கொரு பதில். நான், "தெரியல சார், நான் பாக்கல" என்றேன். ஃபைலைத் தன் பைக்குள்ளேயே வைத்திருந்த அந்த மனிதர், "ஞாயித்துக்கிழமை டென்னிஸ் கோர்ட்டுக்கு வந்துடு" என்றார். பேண்ட் போட மாட்டேன் என்று நானும் இரண்டு டீச்சர்களும் ஒரு வாரம் அடம்பிடித்தோம். புடவைத் தலைப்பு காற்றில் கோட்டின் மேல் பறந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். போட்டுக்கொண்டோம். சென்னை ஸ்டேடியத்தில் எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு லேசான ஏமாற்றம்கூட இருந்தது.

ஆள் எடுப்பது பாதி வேலை. எடுத்தவர்களைக் கட்டி மேய்ப்பது மீதி. அரசாங்கத்தில் இருப்பவர்களுக்கு லீவு வாங்க வேண்டும். "டென்னிஸ் கோடு பார்க்க" என்று எழுதினால் எந்த மேலதிகாரி கையெழுத்துப் போடுவார்? ஒவ்வொரு வருஷமும் நான்தான் மனுக்களைக் கௌரவமான தமிழில் அடித்துக் கொடுப்பேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. யாருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, யார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகுவார், யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் தசரதன் தலைக்குள் இருக்கும். ஏழு வருஷம் நான் கோட்டில் உட்கார்ந்தேன். ஒரு ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. எந்த ஊர் வீரர் ஜெயித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெள்ளைக்கோட்டின் இடது ஓரத்தில் பெயிண்ட் உரிந்த ஒரு இடம் இருந்தது, அதை நன்றாகத் தெரியும்.

இனிமேல்தான் கோபத்துக்கு வருகிறேன்.

1999 நவம்பர். டிசம்பரில் சென்னையில் ஒரு போட்டி. ஜனவரியில் அதைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய போட்டிக்கு நாற்பது கோட்டு நடுவர்கள் வேண்டும். அந்த நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்து நடத்தும் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஓய்வு பெறப்போகிறார். டிசம்பர் போட்டி முடிந்ததும் யாருக்கு அந்த இடம் என்று சொல்கிறேன் என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தார். தசரதனுக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

வருஷா வருஷம் எல்லாரும் கண் பரிசோதனை செய்து சான்றிதழ் அனுப்ப வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் வரிசையாக நிற்போம். சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்னது. ஐந்தாவது வரி வரை படித்தால் தகுதி. ஆறாவது சும்மா கேட்பார்கள். தசரதன் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். "நீங்கள்லாம் முடிங்க, நான் அப்பால வரேன்" என்பார். தலைவன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அன்று அவர் வலது கண்ணை மூடிக்கொண்டு படித்தார். நர்ஸ் குச்சியால் நாலாவது வரியைக் காட்டினார். அவர் ஐந்தாவது வரியைக் கடகடவென்று சொன்னார். நர்ஸ் குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

எதிரில் இருந்த டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"நாலாவது வரியைக் காட்டினாங்க. நீங்க அஞ்சாவதைப் படிச்சீங்க."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். சக்கரை கம்மியாகப் போடு என்று அவர் சொல்ல ஆரம்பித்தே மூன்று வருஷம் ஆகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எத்தினி நாளா சார்?"

"மூணு வருஷமா. சக்கரை ஜாஸ்தியாகி கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சுடுச்சு. வேலூர்ல பாத்தேன். போன பார்வை போனதுதான், இருக்கறதைக் காப்பாத்திக்கோன்னுட்டாங்க. இடது கண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியும். வலது நல்லா இருக்குது கீதாம்மா. கோட்டைப் பாக்க ஒரு கண்ணு போதும். சர்வேயர் எப்பவும் ஒரு கண்ணை மூடிக்கிட்டுதானே பாக்கறான்?"

"அப்போ அதையே நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டுப் படிக்க வேண்டியதுதானே? பத்துப் பேர் சத்தமா படிக்கறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கறது எதுக்கு?"

"சொன்னா ஜனவரிக்கு என்னை எடுக்க மாட்டாங்க. என்னை எடுக்கலன்னா நம்மூர் ஆளுங்களை யாரு கூப்பிடுவாங்க?"

எனக்கு வந்த கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க மச்சான் ஆறு வருஷமா கோர்ட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. எதுக்கு சார் அனுப்பினீங்க அவரை?"

அவர் டீ ஆறிப்போய்விட்டது. குடிக்காமலே வைத்துவிட்டு, "லிஸ்ட்டை அனுப்பிடு கீதாம்மா" என்று எழுந்துபோனார்.

அனுப்பினேன். தசரதன் என்ற பெயருக்கு நேராக "தகுதி" என்று அடித்தது என் விரல்தான். அவர் சொன்னார், அடித்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கும் ஜனவரிப் போட்டிக்குப் போக ஆசை இருந்தது. அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

டிசம்பர் போட்டியின் இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இறுதி ஆட்டத்தில் எதிர்ப்புறத்துக் கடைசிக்கோட்டில் தசரதன் உட்காருவது வழக்கமாகியிருந்தது. வெயில் முகத்தில் அடிக்கிற இடம். அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். நான் இந்தப் புறத்து ஓரக்கோட்டில். என் கோட்டை நேராகப் பார்த்தால் அதன் மறுமுனையில், ஓரத்தில் மங்கலாக அவர் தெரிவார். அன்று முழுக்க எனக்கு ஒரே வேண்டுதல்தான்: அந்தக் கோட்டில் சந்தேகமான பந்து எதுவும் விழக் கூடாது.

மூன்றாவது செட்டில் விழுந்தது.

உயரமாக எழும்பி வந்து, கோட்டை ஒட்டி இறங்கியது. "அவுட்" என்ற சத்தம் வரவில்லை. சரி, உள்ளே என்று கை காட்டுவார் என்று பார்த்தேன். கோட்டைப் பார்க்க வேண்டிய நான் அவரைத்தான் பார்த்தேன். தசரதனுடைய இரண்டு கைகளும் மெதுவாக மேலே போய்க் கண்களைப் பொத்தின.

அவருக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. எதுவும் மறைக்கவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. உயர நாற்காலி நடுவர் தான் பார்த்தபடி உள்ளே என்றார். ஆட்டக்காரர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "கண்ணுக்கு நேராக விழுந்தது, தெரியவில்லையாமே!" என்று இங்கிலீஷில் கத்தினார். தசரதன் கையை இறக்கிவிட்டுக் கோட்டையே பார்த்தபடி இருந்தார்.

ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் இடைவேளை வந்தது. தசரதன் எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உயர நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். "சார், என் இடது கண் தெரியாது. மூன்று வருஷமாக மறைத்துவிட்டேன். என்னை மாற்றிவிடுங்கள்." டீக்கடையில் என்னிடம் மாட்டிக்கொண்ட நாளிலிருந்தே இந்த மூன்று வாக்கியங்களையும் இங்கிலீஷில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம். மனப்பாடத்தில்தான் அவர் கெட்டிக்காரர் ஆயிற்றே. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் சொல்லிவிடலாம் என்று போவாராம். சொல்லாமலே வந்து உட்கார்ந்துகொள்வாராம். அந்த ஒரு பந்து வராமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன் என்றார். வலது கண் வெயிலில் கூச, இடது கண் உதவிக்கு வராமல், நிஜமாகவே அவருக்கு அந்தப் பந்து தெரியவில்லை.

ஓய்வில் இருந்த வேடியப்பன் ஓடிவந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தசரதன் வெளியே நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் எழுந்து போக முடியாது. கோட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கப் பார்க்கக் கோடு ஒன்று இரண்டாகி, தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி நெளிந்தது. அப்போது பார்த்து ஒரு பந்து என் பக்கம் வந்து விழுந்தது. என்ன செய்வேன்? நானும் கண்ணைப் பொத்திக் காட்டினேன். அழுகையால் பந்து தெரியவில்லை என்பதற்குத் தனியாக ஒரு சைகை விதிப் புத்தகத்தில் இல்லை. அந்த இறுதி ஆட்டத்தில் திருவண்ணாமலைக்காரர்கள் இரண்டு பேர் கண்ணைப் பொத்தினோம்.

ஆட்டம் முடிந்ததும் சூப்பர்வைசர் எங்கள் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். தசரதன் ஒரு மூலையில் நின்றுகொண்டிருந்தார். "இது வேறு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

வேடியப்பன் என்னைப் பார்க்கவில்லை. யாருமே யாரையும் பார்க்கவில்லை. நான் கையைத் தூக்கினேன்.

"ஏன் சொல்லவில்லை?"

"எனக்கும் ஜனவரிக்கு வரணும்னு ஆசை சார்" என்றேன், தமிழிலேயே. செங்கம் சாலைக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார். சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

மறுநாள் சென்னையிலேயே ஒவ்வொருவரையும் தனித்தனியாக, வேறு வேறு பலகை வைத்துச் சோதித்தார்கள். எல்லாரும் தேறினார்கள். தண்டனையும் வந்தது. தசரதன் இனி எந்தக் கோட்டிலும் உட்காரக் கூடாது. எனக்கு ஒரு வருஷம் தடை. தலைமைப் பொறுப்பு வேறு யாரோ ஒருவருக்குப் போனது. ஜனவரிக்கு மற்ற ஒன்பது பேர் போனார்கள். நானும் தசரதனும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தோம். திரும்பும்போது அவர், "உன்னையும் சேத்துக் கெடுத்துட்டேன்" என்றார். "ஆமாம், கெடுத்தீங்க" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகம் அன்று மூன்று வருஷத்துப் பாரம் இறங்கின முகமாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. அதற்குள் அலுவலகம் ஊரை ஒட்டிய வேங்கிக்காலுக்கு மாறிவிட்டது. ஹாலந்துத் தபால்தலை ஒட்டின உறையைத் தபால்காரர் இரண்டு மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்தார். சூப்பர்வைசருடைய கடிதம். புதிய தலைவர் சேர்த்த ஆட்கள் நன்றாகப் பார்க்கிறார்களாம், ஆனால் ஒருவர்கூடக் கண்ணைப் பொத்துவதில்லையாம். ஒரு வாரம் முழுக்க ஒரு நடுவருக்குக்கூட ஒரு பந்துகூட மறையவில்லை என்றால் என்னால் நம்ப முடியவில்லை என்று எழுதியிருந்தார். நாற்பது பேரையும் நீயே தேர்ந்தெடு. நீ கோட்டைப் பார்க்க வேண்டாம், ஆட்களைப் பார்த்தால் போதும் என்று முடித்திருந்தார். தசரதன் அதை மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னார்.

பிறகு பல பௌர்ணமிகளில் அவர் சின்னக்கிளியம்மாவைத் தேடிப் போனார். சில கடைக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துபோய், "தெரியலங்க, தெரியலங்க, எழுதிக்கோங்க" என்று கத்த ஆரம்பித்ததால் சத்திரத்தின் பெயரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று.

2003ஆம் வருஷத்துக் கண் பரிசோதனை நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரி வராண்டா முழுக்கப் புது ஆட்கள். ஆட்களை நடத்துபவருக்குச் சான்றிதழ் தேவையில்லை; விதியில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் தசரதன் வரிசையில் நின்றிருந்தார். இந்தத் தடவை முதல் ஆளாக.

வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். நர்ஸ் குச்சியை முதல் வரியில், தட்டு அளவுக்குப் பெரிதாக இருந்த அந்த ஒற்றை எழுத்தில் வைத்தார்.

"ஒண்ணும் தெரியலம்மா" என்றார் தசரதன், வராண்டாவின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "எழுதிக்கோங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் நகர்ந்து நிற்க, இரண்டாவது ஆள் பலகைக்கு முன்னால் வந்தார். தலை நரைத்திருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. பரசுராமன். சரோஜாதான் அனுப்பிவைத்தாராம். ஐந்து வரிகளைத் தடங்கல் இல்லாமல் படித்தார். அதுவே போதும், ஆனாலும் நர்ஸ் வழக்கம்போல ஆறாவது வரியிலும் குச்சியை வைத்தார். பரசுராமன் கண்ணை இடுக்கிப் பார்த்தார். உதடு ஏதோ ஒரு எழுத்துக்குத் தயாரானது. அவர் ஒரு தடவை திரும்பித் தன் மாமாவைப் பார்த்தார்.

"இது தெரியலங்க" என்றார்.

தசரதன் என் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பேரை எழுதிக்கோ கீதாம்மா" என்றார். நான் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன்.